சைக்கிள் வீலை மாற்றுவதா, கோட்டம் எடுத்தால் போதுமா?

"பின் வீல் ஆடுது, மாத்திடலாமா?" என்று கேட்டால் பாதிக் கடைகளில் "மாத்திடலாம்" என்றுதான் பதில் வரும். முழு வீலைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது சீக்கிரம் முடிகிற வேலை, இருக்கிற வீலையே கோட்டம் எடுப்பது, அதாவது கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை நேராக்குவது, உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கவேண்டிய வேலை. இன்னொரு பக்கம், எப்போதோ தூக்கிப் போட்டிருக்கவேண்டிய ரிம்மை வைத்துக்கொண்டு "இந்த மழைக்காலம் தாங்கும்பா" என்று நம் வடசென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கோ, திருவொற்றியூரிலிருந்து மணலிக்கோ, வீட்டிலிருந்து பெரம்பூர் ஸ்டேஷன் வரைக்குமோ தினமும் சைக்கிளில் போய்வருகிற, ரிப்பேர் வேலை அதிகம் பழகாத ஒருவர் கடைக்காரரிடம் போவதற்கு முன்பே எப்படி ஒரு முடிவுக்கு வரலாம் என்பதுதான் இங்கே விஷயம். பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

வீல் என்று ஒரே சாமானாகச் சொல்கிறோம், ஆனால் அதற்குள் வெளி வளையமான ரிம் இருக்கிறது, கம்பிகள், கம்பியை ரிம்மோடு பிடிக்கிற நிப்பிள், நடுவில் ஹப், ஹப்புக்குள் அச்சான ஆக்சில், பால்ரஸ் என்கிற குண்டுகள், அவை ஓடுகிற கோனும் கப்பும், பின் வீலாக இருந்தால் கூடவே செயின் ஓடுகிற பல்சக்கரமான ஃப்ரீவீல். இதில் கம்பி உடைந்தால் கம்பி மட்டும், கோன் போனால் கோன் மட்டும் மாற்றலாம், பெரும்பாலும் சில்லறைச் செலவுதான். ரிம் போனால் அப்படி இல்லை, எல்லாக் கம்பியையும் கழற்றவேண்டும், அதாவது வீலையே புதிதாகக் கட்டுகிற வேலை. அதனால் நான் முதலில் பார்ப்பது ரிம்மைத்தான். ரிம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் வீலை மாற்றவேண்டியதில்லை, ரிம் போய்விட்டால் அந்த வீலில் வேறு எதற்கும் காசு போடவேண்டியதில்லை. மீதி எல்லாம் ரிம் போய்விட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்கிற வழிதான்.

நம் பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே வீல் தேய்ந்து சாவதைவிடத் துருப்பிடித்துச் சாவதுதான் அதிகம். காசிமேடு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காற்று, ராத்திரி வாசலில் நிற்கிற சைக்கிளில் உப்பு ஈரம் படிந்து காலையில் துடைத்தால் கை பிசுபிசுக்கும். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புளியந்தோப்பிலும் வியாசர்பாடிப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளிலும் தேங்குகிற தண்ணீர், துறைமுகத்துக்குப் போகிற சாலைகளில் மணலும் தூசியும். எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கை வைத்து இங்கே வீலின் ஆயுளைச் சொல்லமுடியாது. எங்கே நிற்கிறது, மழையில் எவ்வளவு நனைந்தது, இதைத்தான் கேட்கவேண்டும்.

ரிம்மைக் குறைசொல்லுமுன் டயரைப் பாருங்கள்

சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் நிற்கிற மாதிரி வைத்துவிட்டு வீலைச் சுற்றிவிடுங்கள். ஓட்டும்போது "டொக் டொக்" என்று ஒரே இடத்தில் தூக்கிப்போடுகிறதே, அது பல நேரம் ரிம்மே இல்லை, டயர். டயரின் ஓரத்தில், ரிம்முக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு ஓரிடத்தில் ரிம்முக்குள் பதுங்கி இன்னோரிடத்தில் வெளியே தெரிந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். காற்றை இறக்கி, கையால் நீவி உட்காரவைத்து, மறுபடி காற்றடித்தால் முடிந்தது. டயர் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, டயரை மாற்றவேண்டும், அதுவும் சீக்கிரம். இந்த இரண்டையும் "ரிம் பெண்டு" என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, வீலை மேலே பிடித்து இடதும் வலதும் தள்ளிப் பாருங்கள். ரிம் மட்டுமல்லாமல் மொத்த வீலும் "கடக் கடக்" என்று ஆடினால் கோன் லூசாக இருக்கிறது. இதுவும் ரிம்மின் குற்றம் அல்ல. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் சரியாகிற சமாச்சாரம், ஆனால் அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் கோனும் கப்பும் சேர்ந்து தேய்ந்து, சும்மா முடிய வேண்டியது செலவில் போய் முடியும்.

இப்போது ரிம்

ஒரு பென்சிலை ஃபோர்க் கம்பியோடு சேர்த்துப் பிடித்து, அதன் நுனி ரிம்மின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமல் இருக்கும்படி வைத்துக்கொண்டு வீலை மெதுவாகச் சுற்றுங்கள். பின் வீலுக்கு ஃபோர்க்குக்குப் பதில் ஃபிரேம் கம்பி. ரிம் ஓரிடத்தில் பென்சிலை இடிக்கும், ஓரிடத்தில் விலகும். மொத்தம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் வேலைக்குப் போய்வருகிற சைக்கிளுக்கு அது ஒரு குறையே இல்லை, பிரேக் கட்டை உரசாதவரை விட்டுவிடலாம். நாலைந்து மில்லிமீட்டர் என்றால் கோட்டம் எடுக்கவேண்டும், நல்ல கை உள்ளவர் அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி ஆடினாலோ, மேலிருந்து பார்க்கும்போது ரிம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டு தெரிந்தாலோ, ரிம்மின் உலோகமே வளைந்துவிட்டது, கம்பியை முறுக்கி அதை நிமிர்த்தமுடியாது.

நடுத்தரமாக இருக்கிறதே, எப்படித் தெரிந்துகொள்வது என்றால் ஒரு சோதனை உண்டு, கடைக்காரரையே செய்யச் சொல்லலாம். வளைந்திருக்கிற இடத்தில் உள்ள கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கவேண்டும். தளர்த்தியதும் ரிம் தானாக நேராக வந்தால் கம்பி இழுவையில்தான் கோளாறு, கோட்டம் எடுத்தால் நிற்கும். தளர்த்திய பிறகும் வளைந்தே நின்றால் உலோகம் மடங்கிவிட்டது. அதை அடித்து நிமிர்த்தி, கம்பியைக் கண்டபடி இழுத்து நேராக்கித் தரமுடியும்தான், நேராகத்தான் தெரியும், ஆனால் சில கம்பிகள் வீணைத் தந்தி கணக்காக இறுகியும் சில கம்பிகள் தொளதொளவென்றும் இருக்கும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தண்டவாளத்தில் கொஞ்ச நாள் ஏறி இறங்கினால் பழையபடி ஆகிவிடும்.

பென்சிலை இப்போது ரிம்மின் வெளி விளிம்புக்கு மேலே வையுங்கள், மேடு பள்ளம் தெரியும். பள்ளம், அதாவது ஓரிடத்தில் தட்டையாக அமுங்கியிருப்பது, குழியில் விழுந்து வாங்கிய அடி. அதைக் கம்பி முறுக்கிச் சரிசெய்யவே முடியாது. லேசாக இருந்தால் அப்படியே ஓட்டலாம், டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது அந்த இடத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் மாற்றிவிடுங்கள்.

இனி தேய்மானம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அலுமினிய ரிம்மின் பக்கத்தை ரப்பர் கட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக் என்றால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கட்டை மட்டுமல்ல, ரிம்மும் தேய்கிறது. மழையில் மணலும் தூசியும் கலந்த சேறு கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தமாதிரி தேய்க்கும், "கர்ர்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது ரிம் கரைகிற சத்தம். பள்ளிக்கூட இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பை ரிம்மின் பிரேக் பிடிக்கிற பட்டைமேல் குறுக்காக, டயர்ப் பக்கத்திலிருந்து ஹப்பை நோக்கி இருக்கும்படி வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி பாருங்கள். ஸ்கேல் முழுக்கப் படிந்து உட்கார்ந்தால் நல்லது. நடுவில் வெளிச்சம் புகுந்து ஒரு குழிவு தெரிந்தால் பட்டை தேய்ந்திருக்கிறது. விரலால் தடவினாலே குழி தட்டுப்பட்டால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. பக்கச்சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் டயருக்குள் இருக்கிற காற்றின் அழுத்தமே அதை வெளியே பிதுக்கிவிடும். சில ரிம்களில் பட்டையில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக்கோடோ சிறு புள்ளியோ தேய்மான அடையாளமாகப் போட்டிருப்பார்கள், அந்தப் பள்ளம் மறைந்துவிட்டால் ரிம்மின் காலம் முடிந்தது.

குரோம் பூசிய இரும்பு ரிம்முக்குத் தேய்மானம் பெரிய பிரச்சினை இல்லை, துருதான். வெளியே புள்ளி புள்ளியாகத் தெரிகிற துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தால்கூட பாதி போகும் (பிரேக் கட்டை படுகிற இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது). பார்க்கவேண்டியது உள்ளே. அடுத்தமுறை பஞ்சர் ஒட்டும்போது டயரையும் டியூபையும் முழுக்கக் கழற்றச் சொல்லி, ரிம்முக்குள் டியூபுக்கு அடியில் இருக்கிற உள்பட்டையை விலக்கிப் பாருங்கள். மழைத் தண்ணீர் தங்குவது அங்கேதான். அங்கே துரு தூளாக உதிர்ந்தால் சுரண்டிவிட்டு, இரும்பு இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்க்கலாம். ஏடு ஏடாக உரிந்தாலோ, நிப்பிள் ஓட்டையைச் சுற்றிச் செதில் விட்டிருந்தாலோ அந்த ரிம்மில் கம்பியை இறுக்கினால் நிப்பிள் ரிம்மைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பஞ்சரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலைப் பக்கம் என்றால் ஆணி, கண்ணாடி, முள். ரிம் பக்கம் என்றால் கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது துரு குத்துகிறது, அல்லது உள்பட்டை நகர்ந்துவிட்டது. அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருக்கும்போது குழியில் இறங்கி ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது, அந்த இடத்தில் ரிம்மில் அடி இருக்கிறதா பாருங்கள். மாதம் தவறாமல் பஞ்சர் ஆகிறதே என்று டயரை மாற்றி, டியூபை மாற்றி, கடைசியில் பார்த்தால் சில்லறைச் சாமானான உள்பட்டைதான் காரணமாக இருக்கும்.

இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்: நிப்பிள் ஓட்டையிலிருந்து கிளம்புகிற விரிசல், பக்கச்சுவர் ஓரிடத்தில் வெளியே பிதுங்கியிருப்பது, ரிம்மின் ஒட்டு பிரிந்திருப்பது. முன் வீலில் என்றால் கடை வரைக்கும்கூட ஏறி ஓட்டவேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள். பின் வீல் மக்கர் செய்தால் பெரும்பாலும் தடுமாறி நின்றுவிடலாம், முன் வீல் சட்டென்று மடங்கினால் தலைகுப்புற விழுவதுதான்.

கம்பிகள்

கம்பி வீலைத் தாங்குவது கயிற்றுக் கட்டில் கணக்குதான், ஒரு கயிறு அறுந்தால் கட்டில் விழாது, பக்கத்துக் கயிறுகள் அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்கும், அப்படியே விட்டால் அவை ஒவ்வொன்றாக அறும். ஒரு கம்பி உடைந்தால் அந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். இரண்டு இரண்டு கம்பியாகக் கையில் பிடித்து அமுக்கிக்கொண்டே வந்தால் எது தொளதொளப்பு என்று விரலுக்கே தெரியும். பின் வீலில், அதிலும் கியர் வண்டியில், செயின் பக்கத்துக் கம்பிகள் மற்ற பக்கத்தைவிட இறுக்கமாக இருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

கம்பி பெரும்பாலும் உடைவது ஹப்பில் வளைந்து நுழைகிற அந்த முழங்கை இடத்தில்தான். பாரம் ஏற்றியதால் உடைந்தது என்று நினைப்போம், உண்மையில் தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நெகிழ்ந்து கொஞ்சம் இறுகி, கொஞ்சம் நெகிழ்ந்து கொஞ்சம் இறுகி, அதே இடத்தில் களைத்துப் போய் முறிகிறது. அதனால் ஒன்று உடைந்தால் விபத்து என்று எடுத்துக்கொள்ளலாம். சில மாதத்துக்குள் மூன்றாவது கம்பியும் போனால் மீதிக் கம்பிகளும் அதே வயது, அதே களைப்பு என்று புரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கூலி கொடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாக் கம்பியையும் மாற்றிவிடுவதுதான் புத்தி. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று: நிப்பிள் இறுகிப்போவது. உப்புத் துருவில் கம்பியும் நிப்பிளும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், சாவி போட்டால் நிப்பிளின் முனை மழுங்கும், இல்லையென்றால் கம்பி முறுக்கிக்கொண்டு உடையும். கோட்டம் எடுக்கக் கொடுப்பதற்கு முந்தைய ராத்திரியே ஒவ்வொரு நிப்பிளிலும் கம்பி நுழைகிற இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு வையுங்கள், வழிந்ததைக் காலையில் துணியால் துடைத்துவிடுங்கள். அப்படியும் பாதிக்குமேல் அசையவில்லை என்றால் அந்த வீலில் கோட்டம் எடுக்கவே முடியாது, "கோட்டம் எடுத்துட்டேன்" என்று சொன்னாலும் அசைகிற கம்பிகளை மட்டும் வைத்துச் சமாளித்ததாகத்தான் இருக்கும். ரிம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கம்பி, நிப்பிள் முழுக்க மாற்றிக் கட்டவேண்டிய நிலை அது. அப்போது ஸ்டெயின்லெஸ் கம்பியும் பித்தளை நிப்பிளும் கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் விலைதான், திருவொற்றியூர்க் காற்றுக்கு அது தேவை.

ஹப்

வீலைக் கழற்றி ஆக்சிலை விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரி. மணலை நெரிக்கிற மாதிரி இருந்தால் கிரீஸ் காய்ந்து அழுக்கு புகுந்திருக்கிறது, பிரித்துக் கழுவி, பால்ரஸ் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்தால் போதும். சாதாரண ஹப்பில் முன்னால் 3/16 அங்குலக் குண்டு, பின்னால் ¼ அங்குலக் குண்டு, விலையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பிரிக்கும்போது பக்கத்தில் நின்று கோனைப் பாருங்கள். குண்டு ஓடுகிற தடத்தில் பளபளவென்று கோடு இருந்தால் நல்லது, புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் கோன் மாற்றவேண்டும். அதே குழி கப்பில் இருந்தால்தான் சிக்கல், பல ஹப்புகளில் கப்பைத் தனியாக மாற்றமுடியாது, ஹப்பே மாறவேண்டும். "அண்ணே, கோன் போயிருக்கா, கப்பு போயிருக்கா?" என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், உங்களிடம் பேசுகிற தோரணையே மாறும்.

முழங்கால் தண்ணீரில் சைக்கிள் போயிருந்தால், ஓட்டினீர்களோ தள்ளினீர்களோ, அந்த வாரத்துக்குள் இரண்டு ஹப்பையும் பிரித்துவிடுங்கள். தண்ணீரில் முங்கிய ஹப்புக்குள் தண்ணீர் புகுந்துவிடும், வெளியே காய்ந்துவிடும், உள்ளே கிரீஸோடு கலந்து வெண்ணெய் நிறத்தில் தங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர், மணலிப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் தெருவுக்குள் வந்ததே, அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற சைக்கிள் என்றால் டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

கியர் வண்டிகளில் ஃப்ரீவீல் திருகு முறையில் இருந்தால் பின் ஆக்சில் வளைவது சகஜம், குண்டுகள் உள்ளே தள்ளி இருக்கிறபடியால் ஆக்சிலின் நீண்ட முனை தாங்கல் இல்லாமல் நிற்கிறது. வீலைச் சுற்றும்போது ஃப்ரீவீல் மட்டும் கோணலாக ஆடினால் கடைக்காரரிடம் ஆக்சிலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சில் வளைந்ததற்காக வீலை மாற்றச் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

சரி, ரிம் போய்விட்டது. இப்போது ரிம் மட்டும் வாங்கிப் பழைய ஹப்பில் கட்டுவதா, ரெடிமேட் வீல் வாங்குவதா? ஹப் நல்ல தரமானது, கப்பில் குழி இல்லை, கட்டத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கிறது என்றால் ரிம்மும் கம்பியும் வாங்கிக் கட்டுங்கள். ஹப் சாதாரண இரும்பு ஹப், கூலியோடு சேர்த்துப் பார்த்தால் ரெடிமேட் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது என்றால் ரெடிமேடே போதும். இரண்டு விலையையும் அதே கடையில், சாமான் தனி, கூலி தனி என்று பிரித்துக் கேளுங்கள். பின்னால் போனது என்பதற்காக முன்னாலும் ஜோடியாக மாற்றவேண்டிய அவசியமே இல்லை. பின் வீல்தான் உங்கள் பாரத்தில் பெரும்பங்கையும் மிதிக்கிற இழுவையையும் வாங்குகிறது, அது முதலில் போவது வழக்கம்.

வீலுக்குப் பணம் போடுமுன் ஃபிரேமையும் ஒருமுறை பாருங்கள். பெடல் அச்சு நுழைகிற குழாயின் அடிப்பக்கம், பின் வீலுக்குப் போகிற கம்பிகள் சேருகிற இடம், இங்கெல்லாம் பெயின்ட் உப்பி உள்ளே துரு அரித்திருந்தால் புது வீல் போட்டு என்ன செய்ய. வெளித்தோற்றத்துக்குத் தடித்த டயரும் சஸ்பென்ஷனும் வைத்துச் சல்லிசாக விற்கிறார்களே, அந்த மாதிரி வண்டியில் இரண்டு வீலும் செயினும் ஒன்றாகப் போயிருந்தால் நான் செலவு செய்யமாட்டேன். பழைய ரோட்ஸ்டர் வண்டி, அதாவது கனமான சாதா சைக்கிள், என்றால் ரிம், கம்பி, ஹப் எதுவானாலும் போட்டு ஓட்டலாம். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று பெயர்வாங்கிய டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் இங்கே அம்பத்தூரில்தான் தொடங்கியது, அந்த வகை வண்டிக்கான சாமானுக்கு பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் இன்றைக்கும் பஞ்சமில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளை இப்போது அப்பா வேலைக்கு எடுத்துப்போகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அந்த வண்டிகளையும் இதே கணக்கில் சேர்க்கலாம், எளிமையான வண்டி, சரிசெய்தால் உழைக்கும்.

அளவில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "26 இஞ்ச் வீல் கொடுங்க" என்று கேட்டால் போதாது. 26 × 1⅜ என்பதும் 26 × 1.95 என்பதும் வேறு வேறு ரிம், ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 37-590 என்றோ 50-559 என்றோ ஓர் எண் ஜோடி இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது எண்தான் ரிம்மின் அளவு: 26 × 1⅜ லேடீஸ் வகை வண்டிக்கு 590, தடித்த டயர் 26-க்கு 559, பழைய 28 × 1½ ரோட்ஸ்டருக்கு 635, 700 சி ஹைபிரிடுக்கு 622. 28 என்று எழுதியிருக்கிறதே என்று 622 ரிம்மை ரோட்ஸ்டருக்கு வாங்கிவிடாதீர்கள்.

கம்பி ஓட்டைகளையும் எண்ணுங்கள். ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 என்பது பழைய வழக்கம், மற்ற பல வண்டிகளில் இரண்டுக்கும் 36. ஹப்பில் எத்தனையோ ரிம்மிலும் அத்தனை வேண்டும். கேரியரில் தண்ணீர் கேனோ மீன் பெட்டியோ ஏற்றுகிற ஆள் என்றால் பின்னால் 36-க்குக் குறையாமல் பாருங்கள். ஃபிரேமில் ஆக்சில் உட்காருகிற இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், முன்னால் பொதுவாக 100 மில்லிமீட்டர், பின்னால் சாதா வண்டிக்கு ஒன்று, கியர் வண்டிக்கு 130, 135 என்று வேறு. டிஸ்க் பிரேக் என்றால் ஹப்பில் தட்டு மாட்டும் இடம் இருக்கவேண்டும். சந்தேகமாக இருந்தால் பழைய வீலையே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், அதைவிடச் சுலபம் எதுவுமில்லை.

கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கிற கம்பி பிரேக் போட்ட ரோட்ஸ்டருக்குக் கூடுதலாக ஒரு விஷயம். அதில் கட்டை ரிம்மின் பக்கத்தைப் பிடிக்காது, உள்பக்கத்தை, ஹப்பைப் பார்த்த முகத்தை, இழுத்துப் பிடிக்கும், அதற்கான வடிவத்தில்தான் ரிம் இருக்கவேண்டும். அலுமினிய ரிம் போடலாமே என்று ஆசைப்பட்டால் பிரேக்கும் மாற்றவேண்டி வரும். ஆனால் பக்கவாட்டில் பிடிக்கிற பிரேக் இருக்கிற வண்டியில், இரும்பு ரிம் போய் மாற்றுகிற நேரம் வந்தால், அலுமினியத்துக்கு மாறுங்கள். குரோம் ரிம் மழையில் நனைந்ததும் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அலுமினியத்தில் வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும். வீல் மாற்றினால் வண்டி வேகமாகப் போகுமா என்று கேட்கிறவர்களுக்கு, டயரில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்று அடித்து ஓட்டிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஆசை அதோடு அடங்கிவிடும்.

புது வீல் வந்த பிறகு

ரெடிமேட் வீலை அப்படியே மாட்டிக்கொண்டு வரவேண்டாம். மெஷினில் கட்டிய வீல்களில் கம்பி இழுவை சீராக இருக்காது, கோன் தேவைக்குமேல் இறுகியிருக்கும், கிரீஸ் பெயருக்கு இருக்கும். மாட்டுவதற்கு முன் ஹப்பைத் திறந்து கிரீஸ் வைத்து, கம்பியை ஒருமுறை சீராக்கச் சொல்லுங்கள், அதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கலாம். உள்பட்டை புதிதாகப் போடுங்கள். பழைய ஃப்ரீவீலும் புது ஹப்பும் திருகு வகையாக இருந்தால் பழையது அதில் ஏறும், நல்ல நிலையில் இருந்தால் அதையே போடலாம். புது ஃப்ரீவீல் போட்டால் பழைய செயின் அதில் வழுக்குகிறதா பாருங்கள், வழுக்கினால் செயினும் மாறவேண்டும். பிரேக் கட்டையில் பழைய ரிம்மின் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருக்கும், ஊசியால் கிளறி எடுங்கள், இல்லையென்றால் புது ரிம்மில் முதல் நாளே கீறல் விழும்.

இருநூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பக் கொண்டுபோய்க் கோட்டம் பார்க்கச் சொல்லுங்கள், புதுக் கம்பிகள் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். அந்த ஒருமுறையை விட்டுவிட்டால் கம்பி உடையத் தொடங்கிவிடும், அப்புறம் சாமான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள்.

பழைய வீலைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஹப் நன்றாக இருந்தால் கம்பிகளை வெட்டி ஹப்பைத் தனியாக எடுத்து, துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், கோனும் ஆக்சிலும் என்றைக்காவது உதவும். வெட்டும்போது டயரைக் கழற்றிவிட்டு, கம்பிகளை எதிரெதிர்ப் பக்கமாகத் தளர்த்தியபிறகு வெட்டுங்கள், இறுகியிருக்கிற கம்பி தெறித்து முகத்தில் அடிக்கும். மிச்ச ரிம்மைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம், அலுமினியம் என்றால் இரும்பு விலைக்குக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.